அசனப் பந்தியில் இரண்டாவது இடம்

ஆமத்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் வருஷத்துக்கு ஒருமுறை அசனப் பண்டிகை வரும். சபை மொத்தமும் கோயில் பந்தலில் வரிசையாக உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடும். கம்பெனி முதலாளிக்குப் பக்கத்தில் அவரிடம் வேலை பார்ப்பவர் உட்காரலாம். உட்கார்ந்தவரை யாரும் எழுப்பக் கூடாது. அதில் எங்களுக்கு ரொம்பப் பெருமை.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, இரண்டு வருஷமாக வீட்டுப் பக்கமே வராத அத்தை அசனத்துக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினாள். அப்பாவின் தங்கை. சிவகாசியில் பிரஸ்ஸில் வேலை; கூட வேலை பார்த்த ஓர் அக்காவோடு ஒரே வீட்டில் இருந்தாள். தோழி என்று சொல்லியிருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அத்தைதான், "இவதான் எனக்குத் துணை. இனிமே எனக்கு மாப்பிள்ளை பாக்காதீக" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

அப்பா சபைக் கமிட்டிக்காரர். அம்மாவின் அண்ணன், என் மாமா, பக்கத்துச் சபையில் போதகர். ஒரு வாரம் இருவரும் ஒரே வேதத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள்.

"பாவம்னு எழுதியிருக்கு மச்சான். அதை நீங்க அழிச்சிர முடியுமா?" என்பார் அப்பா.

"அழிக்கவா சொல்லுதேன்? யாருக்கு, எதுக்காக எழுதுனாகன்னு பாருங்கன்னுதான் சொல்லுதேன். இயேசு சாமி யாரைப் பந்தியிலருந்து எழுப்பி விட்டாரு?"

அசனத்தன்று அப்பா என்னிடம், "அத்தைக்கு மட்டும் இடம் பிடி" என்றார். பின்னாலேயே வந்த மாமா, "ரெண்டு இடம் பிடி தாயி" என்றார். நான் காலை நீட்டி இரண்டு இடம் பிடித்தேன். அத்தை மேல் எனக்கு அவ்வளவு ஆசை. வரும்போதெல்லாம் பிரஸ்ஸில் கழித்துப்போட்ட பட்டாசு லேபிள்களைக் கட்டாகக் கொண்டுவருவாள். அவள் வராததால் என் சேகரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது.

அந்த நேரம் பார்த்து வகுப்புத் தோழி ஒருத்தி புலிப்படம் போட்ட லேபிளை நீட்டினாள். இரண்டாவது இடம் அவளுக்குக் கைமாறியது.

அத்தையும் அந்த அக்காவும் வந்தார்கள். என்னைப் பார்த்ததும் அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிறகு இடத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுதானா?"

என் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயத்தில் சொன்னேன்: "அப்பா ஒண்ணுதான் பிடிக்கச் சொன்னாக."

பொய் இல்லை. அத்தை தலையாட்டினாள். பையிலிருந்து ஒரு கட்டு லேபிளை எடுத்து என் மடியில் வைத்தாள். கன்னத்தைத் தொட்டாள். இருவரும் வந்த வழியே போனார்கள்.

அதற்குப் பிறகு அத்தை எந்த அசனத்துக்கும் வரவில்லை. அப்பாவும் மாமாவும் இன்றும் வாதாடுகிறார்கள். எனக்கு அத்தை வேண்டும். ஒவ்வொரு வருஷமும் பந்தியில் உட்காரும்போது வாசலைத்தான் பார்க்கிறேன்.

அன்று அவர்கள் போன கொஞ்ச நேரத்தில், பரிமாறிக்கொண்டிருந்த அப்பா சோற்றுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேகமாக என்னிடம் வந்தார்.

"அத்தை எங்கன?"

அவர் கையில் இரண்டு இலைகள் இருந்தன. ஏன் இரண்டு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான் புலிகளைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.