தூக்க வந்த நான்கு பேர்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஏற்காட்டு மலையிலேயே பிறந்து, பனிமூட்டத்துக்குள் தனியாக விறகு சுமந்து வளர்ந்தவள், ஒரு நாளும் எதையும் பார்த்ததில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்கே தெரியும். நினைத்துக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான்.

வெள்ளக்கடைக்கு மேலே, ரோடு முடிகிற இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறினால் எங்கள் ஊர். முன்பு முப்பது வீடாவது இருக்கும். ரோடு வரும், வரும் என்று பார்த்தார்கள், வரவில்லை. பள்ளிக்கூடத்தையும் மூடியதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கும் கேரளா எஸ்டேட்டுக்கும் ஒவ்வொரு குடும்பமாக இறங்கிப் போய்விட்டது. மிச்சம் நானும் என் வீட்டுக்காரரும், அப்புறம் எழுந்து நடமாட முடியாத பொன்னன் மாமாவும் அவர் சம்சாரமும். மற்ற வீடெல்லாம் பூட்டு.

போன தை மாதம் மிளகு பறிக்க மரமேறிய என் வீட்டுக்காரர் ஏணியோடு சரிந்து விழுந்தார். நல்ல மத்தியானம். கால் அசையவில்லை, வாயோரம் ரத்தம். டவர் கிடைக்கிற பாறைக்கு ஓடி ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

"ரோடு வரைக்கும் எப்புடியாச்சும் தூக்கியாந்துருங்கம்மா, அங்க வந்து நிக்கறோம்" என்றார்கள்.

கம்பளியில் தூளி கட்டி அந்தச் சரிவில் இறக்க நாலு ஆம்பளையாவது வேண்டும். நான் எங்கே போவேன்? பூட்டிய வீடுகளுக்கு நடுவே நின்று, போனவர்கள் பேரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கத்தினேன். பைத்தியம் பிடித்த மாதிரிதான்.

பனி இறங்கிவிட்டது. திரும்பி ஓடி வந்தால், நான்கு பேர் அவரைக் கம்பளியில் கிடத்தி மூங்கிலில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் நின்றவர் மாதேசண்ணன். பக்கத்து வீடு, கேரளாவுக்குப் போனவர்.

"ஏனுங்ண்ணா, எப்ப வந்தீங்க?"

அவர் குனிந்து முடிச்சை இறுக்கினார். மற்றவர்கள் முகம் பனியில் தெரியவில்லை. தூக்கினார்கள், இறங்கினார்கள், நான் பின்னாலேயே ஓடினேன். என் கண் மட்டும் பார்த்தது என்று சொல்லிவிடாதீர்கள், தூளிக்குள் கிடந்த அவரே, "மாதேசு, வழுக்குது, பாத்து எறங்கு" என்றார். தெளிவாகச் சொன்னார்.

ரோட்டோரம் இறக்கி வைத்தார்கள். நான் ஓடிப்போய் டிரைவரைக் கூட்டிவந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, ஒத்தையாவா இழுத்தாந்தீங்க?"

திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. இழுத்து வந்திருந்தால் கம்பளி கிழிந்திருக்க வேண்டும். அடியில் ஒரு பொட்டு மண்கூட ஒட்டவில்லை.

அடிவாரம் போய்ச் சேருவதற்குள், கொண்டை ஊசி வளைவுகளிலேயே அவர் போய்விட்டார். மறுநாள் சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பை ரோடு முடிகிற இடம் வரை கொண்டுவந்தேன். மேலே தூக்க ஆளில்லை. அன்றைக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், வண்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நிற்க, குரல் கம்மும்வரை கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. திரும்பச் சேலத்துக்கே கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தேன்.

மாதேசண்ணனுக்குப் போன் போட்டேன். உயிரோடு, நன்றாக இருக்கிறார்.

"நான் ஊருப்பக்கம் வந்தே வருசக்கணக்காச்சு கண்ணு" என்று அழுதார்.

அதிர்ச்சியில் எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது, நானேதான் இழுத்து வந்திருப்பேன் என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் ஆம்புலன்சுக்குள் நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். திடீரென்று கண்ணைத் திறந்தார். அப்படியொரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்து எத்தனையோ காலம்.

"ஊரு நெறையச் சனம் புள்ள. எல்லாரும் வந்துட்டாங்க" என்றார்.

பிறகு என் முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டே, என்னைத் தேடுகிற மாதிரி கேட்டார்.

"நீ மட்டும் எங்க போயிட்ட?"