ஹாஜியார் கொன்ற மூளைக் கலங்கள்

கல்முனைச் சந்தையில் பிளாஸ்டிக் வாளியும் கதிரையும் விற்கும் இஸ்மாலெவ்வை ஹாஜியாருக்கு வைத்தியம் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவர்தான், ஆனாலும் தெரியும். ஊரில் ஒருவருக்குத் தலை சுற்றினால் டொக்டரிடம் போகுமுன் இவருடைய கடைக்கு வந்துவிட்டுப் போகவேண்டும். இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். நான் முப்பத்திரண்டு வருஷம் ஆசுபத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, வேலை பார்த்துப் பென்ஷன் எடுத்தவள். என்னை நிறுத்திவைத்துக் காய்ச்சல் என்றால் என்னவென்று ஒருநாள் விளங்கப்படுத்தினார். வாளி தேவைப்பட்டதால் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்த மனிதருடைய வாயில் போன வருஷம் அகப்பட்டவள் முனவ்வறா. என்னோடு பிரசவ வார்டில் சிற்றூழியராக இருந்தவள், என் பக்கத்து ஒழுங்கைக்காரி. அவளுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு. எந்தப் பிள்ளை எந்தத் தாயிடம் பால் குடித்தது என்பது அவளுக்கு மனப்பாடம். சுனாமிக்குப் பிறகு சம்மாந்துறைப் பள்ளிக்கூட முகாமில் தாயை இழந்த குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு, பால் உள்ள பெண்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான். முஸ்லிம்களான இவர்கள் மார்க்கத்தில் ஒருத்தியிடம் ஐந்து தடவை வயிறாரக் குடித்த பிள்ளை அவளுக்குப் பிள்ளைதான். அவள் பெற்ற பிள்ளையை அது கட்டக்கூடாது. அதனால் அந்த முகாம் பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசுகிறவர்கள் முதலில் முனவ்வறாவிடம் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். நான் அந்த நேரம் மட்டக்களப்பில் வேலையில் இருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

போன வருஷம் முனவ்வறா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். முழு மயக்கம் கொடுத்து ஒப்பரேஷன் செய்தார்கள். கண் விழித்தவள் மூன்று நாள் தடுமாறினாள். என்னை "உம்மா" என்றாள். வார்டுக்குள் கடல் தண்ணீர் வருகிறது, பிள்ளைகளைத் தூக்குங்கள் என்று கத்தினாள். நாலாம் நாள் தெளிந்துவிட்டாள். வயதானவர்களுக்கு இப்படி வருவதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மூன்று நாளில் ஒரு நாள் ஹாஜியார் முந்திரிப்பழப் பையோடு நோயாளி பார்க்க வந்தார். பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, அவள் கத்துவதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனார். அந்தப் பழம் புளித்துக் கிடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஹாஜியாருடைய ஒரே மகள் ஸப்னாவுக்கு அக்கரைப்பற்றிலிருந்து மாப்பிள்ளை பொருந்தியது. மருத்துவபீடத்தில் மூன்றாம் வருஷம் படிக்கிற பையன். படித்து முடிக்கட்டும் என்று விடாமல் இப்போதே நிக்காஹ் எழுதிவைத்துவிட ஹாஜியார் துடித்தார். பிந்தினால் வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். வீட்டில் ஒரு டொக்டர் இருந்தால் தன்னுடைய வைத்தியத்துக்கு முத்திரை விழுந்த மாதிரி என்ற நினைப்பும் இருந்திருக்கும்.

செய்தி கேட்ட முனவ்வறா பள்ளிவாசல் மௌலவிக்குச் சொல்லியனுப்பினாள். அந்தப் பையன் முகாமில் தாயில்லாமல் கிடந்த குழந்தை, ஹாஜியாருடைய மனைவி சுபைறாதான் அவனுக்கு நாற்பது நாள் பால் கொடுத்தாள், அப்போது கைக்குழந்தையாக இருந்த ஸப்னாவுக்கு ஒரு பக்கம் என்றால் இவனுக்கு மறு பக்கம் என்று. சுபைறா மௌத்தாகி ஆறு வருஷம். அவளிடம் கேட்க வழியில்லை. பிறகு பையனை எடுத்து வளர்த்த மாமிக்கும், முகாமில் யாரோ ஒருத்தி அவனுக்குப் பால் கொடுத்தாள் என்பதற்கு மேல் தெரியவில்லை.

ஹாஜியார் சண்டைக்கு வரவில்லை. அதைவிடக் கேவலமான வேலையைச் செய்தார். அந்தப் படத்தை ஊரெல்லாம் அனுப்பினார். கடைக்கு வந்தவனுக்கெல்லாம் பாடம் எடுத்தார். "மயக்க மருந்து மூளைக் கலத்தைக் கொல்லும். எலிக்குக் குடுத்துப் பாத்திரிக்காங்க. அவட மூளையில பாதிக் கலம் செத்துப் பெய்த்து. பாவம், அவ என்ன செய்வா." அந்தப் 'பாவம்' என்ற சொல்லைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்கமுடியவில்லை. கலம் என்றால் தன்னுடைய கடையில் அடுக்கியிருக்கிற பாத்திரம் என்று நினைத்தாரோ என்னவோ, பாதி போய்விட்டது என்று எண்ணிப் பார்த்த மாதிரிச் சொன்னார்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. கலியாணம் பேச முனவ்வறாவிடம் போவதை நிறுத்தியது. அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு முகாம் பிள்ளைகளுடைய பெயரைத் தனக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பாள்.

"மலர் மிஸ்ஸி, ஒரு பேர் மட்டும் வருகுதில்ல. மெய்யாவே செத்துப் பெய்த்தா?" என்றாள்.

நான் அவளை மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் கிளெய்டனிடம் கூட்டிப்போனேன். பாண்டிருப்புப் பையன், பொய் சொல்லத் தெரியாதவர்.

"எலிக் குஞ்சுக்கு மணிக்கணக்கா குடுத்தா சில மூளைக் கலம் சாகுது, அது உண்மை" என்றார். "மனிசரில ஒருதரம் மயக்கம் குடுத்தா அப்பிடி நடக்குது எண்டு ஒருத்தரும் இன்னும் நிரூபிக்கல்ல. வயசுபோனவங்களுக்குக் கொஞ்ச நாள் தடுமாற்றம் வரும். சிலருக்கு ஞாபகம் மாதக்கணக்கா மந்தமா இருக்கும். அது மருந்தாலயா, நோவாலயா, நித்திரை இல்லாததாலயா எண்டு பிரிச்சுச் சொல்ல எங்களால ஏலாது. ஒரு பேர் மறந்தா ஒரு பேர்தான் மறந்தது அம்மா. கண்ணால கண்டது எல்லாம் பொய்யாகாது."

படித்தவர் தெரியாததைத் தெரியாது என்றார். வாளிக்காரருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

நிக்காஹ்வுக்கு நாலு நாள் இருக்கும்போது, பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து மௌலவி முனவ்வறாவின் வீட்டுக்கு வந்தார். அவளால் பள்ளிவாசலடிக்கு நடக்க முடியாது. ஹாஜியாரும் வந்தார். அவர் கூப்பிடாமலே ஸப்னாவும் பின்னால் வந்து நிலைக்கதவோடு நின்றாள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஹாஜியாருக்குச் சீனி போடவில்லை.

"என்ட சுபைறா அந்தப் புள்ளயக் கண்ணாலயும் கண்டதில்ல" என்று தொடங்கினார். "முனவ்வறா ராத்தாவுல எனக்குக் கோவமில்ல மௌலவி. அவட மூளைக் கலம்..."

"அவ செல்லட்டும் ஹாஜியார்" என்றார் மௌலவி.

முனவ்வறா மெதுவாகச் சொன்னாள். மேசைகளைச் சேர்த்துப் போட்ட வகுப்பறை, சுபைறா சாய்ந்திருந்த சுவர், ஸப்னாவுக்குப் போட்டிருந்த மஞ்சள் சட்டை எல்லாம் சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். அவளுடைய முகம் சுருங்கியது.

"மறைக்க ஒண்ணா மௌலவி. ஒண்டு மறந்துதான் பெய்த்து. அந்தப் புள்ளக்கி உம்மா வெச்ச பேர் அங்க ஒருத்தருக்கும் தெரியா. நாங்களா ஒரு செல்லப்பேர் வெச்சிக் கூப்பிட்ட. அது வருகுதில்ல."

இவ்வளவு நேர்மை எதற்கு இவளுக்கு என்று எனக்குக் கோபம் வந்தது. ஹாஜியாருடைய முகத்தில் வெளிச்சம் ஏறியது. ஒருவருக்குத் தெரியாத விஷயம் தனக்குத் தெரிந்தால் அந்த மனிதரால் வாயை மூடிக்கொண்டு இருக்கமுடியாது. பிறவிக் குணம்.

"கேட்டீங்களா மௌலவி" என்றார். "கச்சான் எண்டு கூப்பிட்ட. கச்சான்கொட்டை மாதிரிச் சுருங்கிக் கிடந்ததெண்டு சுபைறாதான் அந்தப் பேரை வெச்ச. மடியில போட்டுக்கிட்டு நாள் முழுக்கக் கச்சான், கச்சான் எண்டு. அதையே மறந்தவ சாட்சி செல்ல வந்தா..."

அதற்குப் பிறகுதான் தான் சொன்னது அவருடைய காதிலேயே விழுந்தது.

மௌலவி கோப்பையைக் கீழே வைத்தார். முனவ்வறா, "ஓம், கச்சான். அதுதான்" என்று தலையாட்டினாள். பறிகொடுத்த பொருள் திரும்பக் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு. அவள் வேறொன்றையும் யோசிக்கவில்லை.

ஸப்னா உள்ளே வந்தாள். முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு தகப்பனைப் பார்த்தாள்.

"வாப்பா, உங்களுக்கு மயக்க மருந்து ஆரு தந்த?" என்று கேட்டாள்.