கதைத்தால் இரண்டு பேரும் முழங்காலில்

எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரம்பு இல்லை. பிள்ளைகளை அடிக்கக் கூடாதென்று சுற்றறிக்கை வந்த கையோடு, அதிபராக இருக்கும் கன்னியாஸ்திரி பிரம்பை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். முழங்காலில் நிற்க விடுவது மட்டும் தப்பிப் பிழைத்தது. "உது தண்டனை இல்லை ரீச்சர். செபம் பண்ணுற மாதிரித்தானே," என்பார். வெறும் சீமெந்துத் தரையில் அவர் ஒருநாள் நின்று பார்க்கட்டும் என்று மனதுக்குள் கறுவியிருக்கிறேன். வாய்விட்டுச் சொன்னதில்லை.

கடற்கரைப் பக்கத்துச் சைவப் பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம். நானும் சைவம்தான். நெற்றியில் திருநீற்றோடு காலைச் செபத்துக்குக் கைகூப்பி நிற்பது எங்கள் எல்லோருக்கும் பழகிப்போனது. முழங்காலும் அப்படித்தான் பழகியது.

நாலாம் ஆண்டு வகுப்பில் முதல் விதி இதுதான்: பாடம் நடக்கும்போது கதைத்தால், கதைத்தவரும் கதை கேட்டவரும் இரண்டு பேருமே முழங்காலில். அந்த விதியால் அதிகம் முழங்கால் தேய்ந்தவள் மூன்றாம் வாங்குப் பலகையில் இருந்த ஒரு வாயாடி. தகப்பன் கடலுக்குப் போகிறவர். முதல் நாள் வலையில் என்ன பட்டதென்று வகுப்பு முழுவதற்கும் அவள் சொல்லித்தான் தெரியும். அவளுக்குப் பக்கத்தில் இருந்த சிநேகிதி கேட்ட குற்றத்துக்காக அவளோடு சேர்ந்தே முழங்காலில் நிற்பாள். இரண்டு பேரும் அங்கேயும் குசுகுசுப்பார்கள்.

போன வாடைக்காற்றுக் காலத்தில் ஒருநாள் அந்தத் தகப்பனின் படகு மட்டும் கரைக்கு வந்தது. அவர் பிறகுதான், பிணமாக ஒதுங்கினார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து அவள் பள்ளிக்கு வந்த அன்று அதிபர் என்னைக் கூப்பிட்டார். "பாவம், தகப்பன் இல்லாத பிள்ளை. அவவை மட்டும் முழங்காலிலை விடாதேங்கோ." எனக்கும் அது சரியென்றே பட்டது. வகுப்பிலும் அப்படியே சொல்லிவைத்தேன்.

அடுத்த நாள் அவளும் சிநேகிதியும் கதைத்தார்கள். விதி விதிதானே, சிநேகிதி மட்டும் முழங்காலில் நின்றாள். பிள்ளைகளா விடுவார்கள்? அவளோடு வாய்கொடுத்தால் மாட்டுவது தாங்கள் மட்டும்தான் என்று உடனே விளங்கிக்கொண்டார்கள். சிநேகிதி வாங்கின் மறு தொங்கலுக்கு, ஓரமாக நகர்ந்துவிட்டாள். அந்தப் பழக்கம் இடைவேளையிலும் தொடர்ந்தது. சில நாட்களில் அந்த வாயாடியின் வாய் ஒரேயடியாக அடைத்துப்போனது. துக்கம்தான், போகப்போக ஆறிவிடும் என்று நானும் இருந்துவிட்டேன்.

பிறகு ஒருநாள், வீட்டுவேலைக் கணக்குகளைச் செய்யாமல் வந்ததற்காகச் சிநேகிதியைக் கரும்பலகையோரம் முழங்காலில் விட்டிருந்தேன். யாரும் சொல்லாமலே இவள் எழுந்து போய் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றாள்.

"எழும்பு பிள்ளை. நீ ஒண்டும் செய்யேல்லையே."

"என்னோடை ஒருத்தரும் கதைக்கினம் இல்லை, ரீச்சர்."

"அதுக்கேன் முழங்காலிலை நிக்கிறாய்?"

"அப்பா இருக்கேக்கை என்னையும் விடுறனீங்கள்தானே. இப்பவும் விடுங்கோ."

சரி, நில் என்று சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பிக் கணக்கு எழுதினேன். பலகையோரத்திலிருந்து குசுகுசுவென்று அவள் குரல் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை காலம். முன்வாங்குப் பெடியன் எழும்பி, "ரீச்சர், உவை முழங்காலிலையும் கதைக்கினம்," என்றான். "நீ இருந்து கணக்கைச் செய்," என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அதிபர் வாசலில் வந்து நின்றார். "அந்தப் பிள்ளையையுமோ ரீச்சர்? உங்களுக்கு நெஞ்சிலை ஈரமில்லையே? முதலிலை அவவை எழுப்புங்கோ."

பிள்ளைகளுக்கு முன்னால் என்னத்தை விளங்கப்படுத்துவது? எழும்பச் சொன்னேன். அவள் எழும்பவில்லை. என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் கெஞ்சினாள்.

"அப்பாவைக் கரையிலை கண்டதை இவளுக்கு இன்னும் சொல்லி முடிக்கேல்லை, ரீச்சர்."