இருநூற்றுப் பன்னிரண்டு பிழைகளோடு சங்கரன்கோவிலுக்கு

காலை 6.40. சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் இறங்கியபோது என் பையில் ஒரு மாற்றுடை, கோமதி கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தம், நான் தயாரித்த பிழைப்பட்டியல் ஆகிய மூன்றும் இருந்தன. சென்னையிலிருந்து வந்த பத்து மணி நேரத்தில் ஒரு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். படுப்பதும், எழுந்து கதவுப் பக்கம் போய் நிற்பதும், மறுபடி வந்து படுப்பதுமாகவே இருந்தேன். எதிர்ப் படுக்கைப் பெரியவர், "உடம்புக்கு முடியலியாம்மா?" என்று இரண்டு முறை கேட்டார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் செய்த ஒரு காரியம்தான் உறங்கவிடவில்லை.

அச்சகங்களில் இருபது வருடம் மெய்ப்புப் பார்த்தவள் நான். இப்போது ஒலிப்புத்தகம் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை. ஒருவர் புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்வார்; நான் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, எந்த நிமிடத்தில் எந்தச் சொல் பிசகியது என்று குறித்துக் கொடுப்பேன். கோமதி அப்படி வாசிக்க வந்தவள், வயது முப்பத்தொன்று, சங்கரன்கோவில்காரி. குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் காட்டில் நடக்கும் ஒரு நாவலை அவளிடம் கொடுத்திருந்தார்கள். உரையாடல்களைத் தன் ஊர்ப் பேச்சிலேயே படித்தாள். அந்தப் பேச்சு கதை சொல்லும் பகுதிகளுக்குள்ளும் கசிந்துவிட்டது. "சொல்லுகிறான்" என்று அச்சில் இருந்தால் "சொல்லுதான்" என்றாள். "அங்கே" என்பது "அங்கன" ஆனது. நான் இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களைக் குறித்தேன். அதோடு விட்டிருக்கலாம். அந்தப் பட்டியலை அலுவலக வாட்ஸ்அப் குழுவில், முப்பத்து நான்கு பேர் பார்க்கப் போட்டேன். 'இவர் முதலில் தமிழ் கற்றுக்கொண்டு வரட்டும்' என்று கீழே ஒரு வரி வேறு.

அன்று மாலைக்குள் அவள் படத்தை வைத்து "இங்கன வா" என்று ஒருவர் ஸ்டிக்கர் செய்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான்காம் நாள் கோமதி விடுதியைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் பதிவை அழித்துவிட்டு வேறொரு குரலில், சுத்தமான தமிழில், நாவலைப் பதிவு செய்தோம். கோமதியின் வாசிப்பில் சில பகுதிகளை முன்பே கேட்டிருந்த நாவலாசிரியர், இதைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியில், "என் ஆளுங்க யாருமே இதுல இல்லியே. முதல்ல படிச்ச பொண்ணு எங்க?" என்றார். அவள் வாசிக்காவிட்டால் உரிமையைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். மேலாளர் பலமுறை அழைத்தும் கோமதி எடுக்கவில்லை. "நீங்க கிளப்பினது. நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க" என்று என்னை அனுப்பிவிட்டார்.

காலை 7.00. நிலையப் பலகையில் 'கோவில்' என்றிருந்தது. வெளியே முதல் கடையில் 'கோயில்'. இரண்டும் சரிதான், தெரியும். ஆனாலும் ஏதேனும் ஒன்றை அடிக்கக் கை துறுதுறுத்தது. ஒரு மதில் முழுக்கக் கொட்டை எழுத்தில் 'சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்'. சுவர் என்றால் சுவரில். சுவற்றில் என்றால் வற்றிப்போன ஏதோ ஒன்றில். அடுத்து 'பேருந்து நிலையம் அருகாமையில்'. அருகில் என்று எழுதினால் போதும். அருகாமை என்பது நெருங்காமை. யாரும் கேட்காமலேயே நான் வழிநெடுகத் திருத்திக்கொண்டு நடந்தேன்.

ஆட்டோவில் ஏறினேன். பேருந்து நிலையம் ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும், எண்பது ரூபாய். கோமதியின் விடுதித் தோழி சொன்ன ஒரே அடையாளம், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிப் போடும் விளம்பரங்களைப் பதிவு செய்யும் கடையில் இருக்கிறாள் என்பதுதான். ஓட்டுநரிடம் கேட்டேன்.

"முருகையா அண்ணாச்சி கடையா? கழுகுமலை ரோட்டுல, ஜெராக்ஸ் கடை மாடி. பத்து மணிக்குத்தான் தொறப்பாவ" என்றார். "அந்தப் பிள்ளையத் தேடி மெட்ராஸ்ல இருந்து வாரியளோ?"

"ஆமாம். நன்றாகப் பேசுவாளா?"

"நல்லாத்தான் பேசுதா. ஆனா நம்ம ஊருப் பிள்ள மாதிரி இல்ல. டிவில நியூஸ் படிக்க மாதிரி இருக்கு. தண்ணி வராதுன்னு போன வாரம் மைக்குல சொல்லிட்டுப் போச்சு. எங்க அம்மை, இவ யாரு, எலக்சனுக்கு ஓட்டுக் கேக்காளான்னு கேக்கா."

அவர் சிரித்தார்.

காலை 9.15. பேருந்து நிலையத்துக்கு எதிரே எடுத்திருந்த விடுதி அறையில் குளித்துவிட்டு இருப்புக்கொள்ளாமல் கீழே வந்தேன். தேநீர் பன்னிரண்டு ரூபாய். பாதி குடிக்கும்போது ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று கடந்து போனது. "பொதுமக்களுக்கு ஓர் அன்பான அறிவிப்பு. நாளை நடைபெறவிருக்கும் கண் பரிசோதனை முகாமில் கலந்துகொண்டு பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கோமதியின் குரல். உயிரெழுத்துக்கு முன்னால் 'ஓர்' சரியாக வந்திருந்தது. ழகரம் வர வேண்டிய இடத்தில் ழகரம். ஒரு குற்றம் சொல்ல முடியாது. ஆனால் "கேட்டுக்கொள்கிறோம்" என்பதற்கு முன்னால் சின்னதாய் ஒரு நிறுத்தம். கால் வைக்கும் முன் படி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதுபோல. பதினெட்டு மணி நேரம் அவள் வாசிப்பை நான் கேட்டிருக்கிறேன். அந்த நிறுத்தம் அதில் எங்கும் இருந்ததில்லை.

மேலாளர் அழைத்தார். "பார்த்துட்டீங்களா? மன்னிப்பு அது இதுன்னு ஆரம்பிக்காதீங்க. கம்பெனி தப்புன்னு ஆயிடும். சம்பளம் கூடன்னு சொல்லிக் கையெழுத்து வாங்குங்க." அழைப்பைத் துண்டித்தேன். தேநீரை முடிக்காமலே எழுந்தேன்.

காலை 10.20. மாடிப்படி ஏறும்போதே உள்ளே பதிவு நடப்பது கேட்டது. பழைய போர்வைகளைச் சுவரில் அறைந்து ஓசையடக்கிய சிறிய அறை; கணினி, ஒலிவாங்கி, ஒரு மேசை விசிறி. கணினிக்கு முன்னால் முருகையா அண்ணாச்சி, அறுபதை நெருங்கியவர். ஒலிவாங்கியின் முன் கோமதி.

என்னைக் கண்டதும் அவள் முகம் இறுகியது. "வாருங்கள். அமருங்கள்" என்றாள். "வேலையை முடித்துவிட்டு வருகிறேன்."

அந்த ஊரில் அப்படி யாரும் யாரிடமும் பேச மாட்டார்கள். நான் குழுவில் போட்ட ஒவ்வொரு வரியையும் அந்த மூன்று வாக்கியங்களில் அவள் திருப்பிக் கொடுத்தாள். அமர்ந்தேன்.

புதுத் துணிக்கடை ஒன்றுக்கு விளம்பரம். இரண்டு பெண்கள் தெருவில் பேசிக்கொள்வது போல, ஊர்ப் பேச்சில் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டிருந்தாராம். இரண்டு குரலும் கோமதிதான். "ஏட்டி, எங்க..." நிறுத்தம். "போற? நானும்..." நிறுத்தம். "வருகிறேன்."

"வாரேன்னு சொல்லும்மா" என்றார் அண்ணாச்சி, ஐந்தாவது முறையாக. "நம்ம வீட்ல பேசுத மாதிரி பேசு. என்ன இப்படிப் பாத்துப் பாத்துப் பேசுத?"

"வரமாட்டேங்குது அண்ணாச்சி" என்றாள். கண் கலங்கியிருந்தது. என் பக்கம் திரும்பவில்லை.

அண்ணாச்சிக்கு அவசரம், பன்னிரண்டு மணிக்கு ஆட்டோ கிளம்ப வேண்டும். என்னைப் பார்த்தார். "நீங்களும் ரெக்கார்டிங் கம்பெனிதான? ஒரு பொம்பள குரல் நீங்க குடுங்க. ரெண்டு பேரு பேசுனா அவளுக்குச் சரளமா வந்துரும்."

மறுத்திருக்க வேண்டும். ஆனால் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட எதையாவது செய்வது மேல் என்றிருந்தது. ஒலிவாங்கியின் மறுபுறம் நின்றேன். தாளில் இருந்ததைப் படித்தேன். ஊர் வாசனை கூடட்டும் என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். "ஏட்டி கோமதி, வாரும்வே, சேர்ந்து போவோம்!"

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். கோமதி சிரிக்கவில்லை.

"நிறுத்துங்க" என்றாள். "'வே'ன்னு பொம்பளையப் பாத்துச் சொல்லுவாவளா? அது ஆம்பளையத்தான் சொல்லணும். ஏட்டின்னு கூப்புட்டுட்டு வாரும்னு மரியாத குடுக்கிய, ரெண்டும் எப்படி ஒட்டும்? 'ஏட்டி'ன்னா 'வாட்டி'ன்னுதான் வரும். எதுவும் தெரியாம வாய்க்கு வந்ததச் சொல்லுதிய, அத எங்க ஊருப் பேச்சுன்னு வேற நெனைக்கிய. எங்க பேச்சுக்கும் மொற இருக்கு. சின்னப் பிள்ளகூடத் தப்பாச் சொல்லாது. நீங்க ஒரு வரி சொன்னிய, அதுல ரெண்டு தப்பு. நான் குரூப்புல போடட்டா?"

ஓர் இடத்திலும் நிறுத்தமில்லை. அதை மூவருமே ஒரே நேரத்தில் உணர்ந்தோம் என்று நினைக்கிறேன். அண்ணாச்சி மெதுவாக, "ஏட்டி, அப்படியே இந்தத் தாளப் படி" என்றார். படித்தாள். ஒரே மூச்சில் முடிந்தது. என் பங்கையும் அவளே பேசினாள்.

பகல் 12.30. மாடிப்படியில் உட்கார்ந்தோம். நான் மன்னிப்புக் கேட்டேன். மேலாளர் சொன்னதையும், ஒப்பந்தம் பையில் இருப்பதையும் மறைக்கவில்லை. ரயிலில் தூக்கம் வராமல் கைப்பேசியில் அகராதியைத் திறந்து பார்த்ததையும் சொன்னேன். அங்கண் என்றால் அவ்விடம், பழைய சொல். மெதுவாக என்பதற்கு அவள் சொன்ன 'பைய'வும் அப்படித்தான். இரண்டையும் நான் பிழையென்று குறித்திருந்தேன்.

"அகராதில இருந்தாத்தான் சரியா?" என்றாள். "இல்லன்னா தப்பா?"

அகராதியைக் காட்ட எடுத்திருந்த கைப்பேசியைக் கீழே வைத்தேன்.

"இங்க வந்த பொறவும் சரியாவல. எங்க அம்மைட்ட சோறு போடுன்னு கேக்கதுக்கு முந்தி மனசுக்குள்ள ஒருவாட்டி சொல்லிப் பாக்கேன். பக்கத்து வீட்டுக்காரிய எல்லாம், இவ மெட்ராஸ் போயிட்டு வந்து பவுசு காட்டுதான்னு பேசுதாவ. அங்கன பேசுனா ஊர்க்காரி, இங்கன பேசுனா மெட்ராஸ்காரி. நான் எங்க போயிப் பேச?"

அவள் கேட்டது ஒன்றுதான். குழுவில் போட்டதை அதே குழுவில் திரும்பப் பெற வேண்டும். அந்தப் படியிலேயே உட்கார்ந்து தட்டினேன். 'கோமதியின் வாசிப்பில் நான் பிழை என்று குறித்தவற்றில் பெரும்பாலானவை பிழைகள் அல்ல. அவருடைய ஊரின் தமிழ் எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் திருத்தியதும், அதைக் கேலிக்கு விட்டதும் என் தவறு.' அவளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டுத் தலையசைத்தாள். அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் மேலாளர் அழைத்தார், எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார், அதையும் எடுக்கவில்லை. என் வேலை என்ன ஆகும் என்ற எண்ணம் வந்தது. அன்று காலையிலிருந்து இருந்த படபடப்போடு ஒப்பிட்டால் அது பெரிதாகத் தெரியவில்லை.

ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்திடவில்லை. "மெட்ராஸுக்கு வரமாட்டேன். இந்த ரூம்புல இருந்தே படிச்சு அனுப்புதேன். இஷ்டம்னா எடுத்துக்கிடச் சொல்லுங்க" என்றாள்.

பிற்பகல் 3.40. ரயில் மாலையில்தான். அதுவரை காத்திருக்கப் பொறுமையின்றி மதுரைப் பேருந்தில் ஏறினேன். கோமதி பேருந்து நிலையம் வரை வந்து, சன்னலுக்குக் கீழே நின்றாள்.

"ஒண்ணு கேக்கட்டா? நெசத்தச் சொல்லணும். அந்த எரநூத்திப் பன்னெண்டுல நெசமாவே எத்தன தப்பு?"

ரயிலில் எண்ணிப் பார்த்திருந்தேன். "நாற்பத்தொன்று" என்றேன். "வரி விட்டுப்போன இடங்கள், ழகரம் விழுந்த இடங்கள். கதையின் அர்த்தமே மாறிவிடுகிற இடம் ஒன்பது."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அந்தப் பட்டியல மட்டும் அனுப்புங்க, திருத்துதேன்" என்றாள். பேருந்து நகர்ந்தது.

பத்துக் கிலோமீட்டரில் கரிவலம்வந்தநல்லூர். ஏறிய இரண்டு பெண்கள் என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, யாரோ ஒரு மைத்துனியைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். ராஜபாளையம் வரை அவர்களைக் கேட்டுக்கொண்டே போனேன். யாரிடம் 'வாரிய', யாரிடம் 'வார', எந்த இடத்தில் 'ஏட்டி' கோபம், எந்த இடத்தில் செல்லம் என்று கொஞ்சம் பிடிபட்டது, நிறையப் பிடிபடவில்லை.

பிறகு நடந்தவை சுருக்கமானவை. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நாவலாசிரியர் பிடிவாதமாக இருந்ததால் கோமதியின் நிபந்தனையை நிறுவனம் ஏற்றது. அவள் அந்தப் போர்வை அறையிலிருந்து நாவலை வாசித்து முடித்தாள். நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டைத் திருத்தியிருந்தாள். மூன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டதாக எழுதியிருந்தாள்.

ஆனால் அந்தப் பயணம் எனக்கு அங்கே முடியவில்லை. சங்கரன்கோவிலிலிருந்து கிளம்பிய மறுநாள் சென்னை வந்து சேர்ந்ததும் வீட்டுக்குப் போகாமல் வியாசர்பாடியில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போனேன். வாசலில் பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "அத்த ஏன் கேக்குற, கொயந்த ராவெல்லாம் அய்துனு கீது, இவ இன்னாடான்னா போனை வச்சிகினு கீறா" என்று கையை ஆட்டி ஆட்டி, மடை திறந்தாற்போல. எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது, பள்ளித் தோழிகள் முன்னால் அம்மாவின் பேச்சைத் திருத்தியிருக்கிறேன். 'வந்துகினு இல்லம்மா, வந்துகொண்டு.' தோழிகள் சிரித்தார்கள்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். கை இறங்கியது.

"வா. எப்ப..." என்று நிறுத்தினார். "வந்தாய்?"

பல வருடமாக அம்மா என்னிடம் இப்படித்தான் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். வயதாகிவிட்டது, அதனால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.