தனகோட்டியின் எலுமிச்சை அடுக்கு

ரஸ்க்கை டீயில் முக்கி, இமைக்காமல் பார்த்து, மூன்று எண்ணித் தூக்கிவிடுவார் தனகோட்டி. வாய்க்குப் போகிற வழியில் அது லேசாக வளையும், ஒடியாது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாகச் செங்கமலம் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒருநாள்கூட ரஸ்க் கிளாஸுக்குள் விழுந்ததில்லை. மைன்ஸ் கேட் டீக்கடையில் இதை வைத்துப் பந்தயமே கட்டியிருக்கிறார்கள். பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள், சிரிக்கவைத்துப் பார்த்தார்கள், பின்னாலிருந்து தோளில் தட்டிக்கூடப் பார்த்தார்கள். அவர் எண்ணிக்கை பிசகவில்லை. புது பாக்கெட் என்றால் மூன்று. ஜாடியில் கிடந்து காற்றுப் பட்ட சரக்கு என்றால் இரண்டு. "இது நேத்தே நமுத்துப்போச்சிப்பா, ரெண்டுக்கே படுத்துக்கும்" என்று முக்குவதற்கு முன்பே சொல்லிவிடுவார். இதைத் திறமை என்பதா, வேலையற்ற வேலை என்பதா என்று செங்கமலத்துக்கு வெகுகாலம் முடிவாகவில்லை.

ஊர் வடக்குத்து, மைன்ஸ் டவுன்ஷிப்பை ஒட்டிய கிராமம். மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் நிலக்கரியை வாரி மறுபடியும் பெல்ட்டில் போடுவது அவர் வேலையாக இருந்தது. பதினெட்டு வருஷமாகக் கான்ட்ராக்ட். சீக்கிரமே பெர்மனென்ட் ஆகிவிடும் என்று பொங்கலுக்குப் பொங்கல் யாராவது ஒருவர் வீடு தேடி வந்து சொல்வார். தனகோட்டியும் அவருக்கு ஒரு டம்ளர் மோரும் நாலு எலுமிச்சம்பழமும் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைப்பார்.

எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரத்துக்கு அடக்கம் என்பதே தெரியாது. ஊறுகாய் போட்டு, ஜூஸ் போட்டு, வண்டிச் சக்கரத்துக்கு வைத்தும் மிச்சமிருக்கும். ஆகவே தனகோட்டியின் சட்டைப் பை எப்போதும் புடைத்தே இருக்கும். பஸ் கண்டக்டருக்கு ஒன்று, ரேஷன் கடைக்காரருக்கு ஒன்று, இடுப்புவலிக்குப் பார்க்கப் போனால் டாக்டருக்கே இரண்டு. யார் வீட்டுப் படியையும் வெறுங்கையோடு ஏறமாட்டார். லீவு நாட்களில் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்களில் காதுகுத்து, வளைகாப்பு என்று சமையலுக்குப் போவார். பிளாக் பிளாக்காக அவருக்கு அடுப்பங்கரைகள் பழக்கம். கதவைத் திறக்கிற பெண்கள் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைத்தான் பார்ப்பார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு பிளாக்கின் மனமகிழ் மன்றத்தில் கேன்டீன் காலியானது. மன்றச் செயலாளர் கொளஞ்சிநாதன், ரிட்டயரான ஃபோர்மேன். கேரம் காய்களைத் தினமும் எண்ணிப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். கேன்டீன் கேட்டு மூன்று பேர் வந்ததும் அவர் ஒரு பரீட்சை வைத்தார். ஆளுக்கொரு சனிக்கிழமை. உறுப்பினர்கள் இதுவரை சாப்பிடாத ஓர் இனிப்பு. வாசகசாலையும் அதே கூடத்தில் இருப்பதால் அங்கே அடுப்பு மூட்டக் கூடாது. உறுப்பினர்கள் நாற்பது பேர். ஒருவருக்கு இல்லை என்று ஆனாலும் கேன்டீனும் இல்லை.

தனகோட்டிக்கு அந்த வருஷம் ஐம்பது முடிந்திருந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றக்கூடக் குனிய முடியாமல், கால் விரலாலேயே வாரைத் தள்ளிக்கொண்டு நிற்பார். "குனிஞ்சது போதும்யா, நிமுந்து நின்னு எதுனா வியாபாரம் பண்ணு" என்று செங்கமலம்தான் அவர் பெயரைக் கொடுக்கவைத்தாள். போனில் தேடிப் பரீட்சைக்கு ஒரு பலகாரத்தைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். டிராமிசு என்று பெயராம். இத்தாலிக்காரர்கள் நீள பிஸ்கட்டைக் காப்பியில் முக்கி, மேலே வெண்ணெய் மாதிரி ஒரு பாலாடையைப் பூசி, அதன்மேல் மறுபடி பிஸ்கட், மறுபடி பாலாடை என்று அடுக்குகிறார்கள். அடுப்பே கிடையாது. அந்த வீடியோவிலேயே ஒரு பெண் காப்பிக்குப் பதில் எலுமிச்சைச் சாற்றில் முக்கினாள். எலுமிச்சையைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்த தனகோட்டி, பிஸ்கட்டை முக்குகிற இடத்தில் போனைப் பிடுங்கிக்கொண்டார். அதையே ஏழு தடவை ஓடவிட்டுப் பார்த்தார்.

"அந்தம்மா பேசிகினே முக்குது பாரு. அத்தினியும் கூழாப் பூடும்" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு களையைச் செங்கமலம் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

முதல் தடவை காய்ச்சிய பாலில் எலுமிச்சையைப் பிழிந்து, மொத்தமும் திரிந்துபோயிற்று. இரண்டாம் தடவை தோலை வெள்ளையோடு சேர்த்துத் துருவிக் கசந்தது. மூன்றாவது செட் ஆவதற்குள் கரண்ட் போய், அதைக் கரண்டியால் மொண்டு குடிக்கவேண்டியதாயிற்று. அப்புறம்தான் கைக்கு வந்தது. கட்டித் தயிரை வேட்டித் துணியில் ராத்திரி முழுக்கத் தொங்கவிடுவது. ஊறவைத்த பண்ருட்டி முந்திரியைச் செங்கமலம் நைஸாக அரைத்துத் தருவது. இரண்டையும் பொடித்த சர்க்கரையும் ஃபிரெஷ் கிரீமும் சேர்த்து ஒரே பக்கமாக அடிப்பது. மஞ்சள் தோலை மட்டும் பூப்போலத் துருவித் தூவுவது. சர்க்கரைப் பாகில் எலுமிச்சை பிழிந்து, கல்யாண வீட்டு ஜூஸ் மாதிரி ஒரு சிட்டிகை உப்பு. அதில் ரஸ்க். சூடான டீயில் மூன்று என்றால் குளிர்ந்த பாகில் ஐந்து. இந்த ஐந்தைக் கண்டுபிடிக்க மட்டும் அவர் நாலு பாக்கெட் ரஸ்க் செலவழித்தார். ஆறு எண்ணிய ரஸ்க்கைச் செங்கமலத்திடம் நீட்டி, "பாரு, செத்துப்போச்சி" என்று துக்கம் சொன்னார்.

முன்னால் வந்த இருவராலும் நாற்பது பேருக்கு எட்டவைக்க முடியவில்லை. தனகோட்டியின் சனிக்கிழமையன்று பார்த்து வடக்குத்தில் காலை ஒன்பது முதல் ஐந்து வரை பராமரிப்புக்காகக் கரண்ட் கட். அடுக்கு எட்டு மணி நேரமாவது பிரிட்ஜில் இருந்தாகவேண்டும். டவுன்ஷிப்பில் கரண்ட் போகாது. ஆனால் ஐந்து டிரேயையும் ஒரே வீட்டுப் பிரிட்ஜில் வைக்க யார் விடுவார்கள்? பிளாக்குக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு டிரே என்று முடிவாயிற்று. விடிந்ததும் டி.வி.எஸ். ஃபிப்டியில் கிளம்பினார்கள். பின்னால் செங்கமலம், அவள் மடியில் ஈரத்துண்டு சுற்றிய ஐந்து டிரே. ஸ்பீடு பிரேக்கர் வந்தால் இருவரும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு விஷயத்தைச் சொல்லி டிரேயைக் கொடுத்தார்கள். டிரே மூடிமேல், கைப்பழக்கத்தில், இரண்டிரண்டு எலுமிச்சம்பழம் வைத்தார் தனகோட்டி.

நான்காவது வீட்டில் கதவைத் திறந்தவர் வேலுமணி. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பாதித் தூக்கத்தில் இருந்தார். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகத் தனகோட்டி சொன்னது மண்டையில் ஏறாமலே தலையை ஆட்டி, டிரேயைப் பிரிட்ஜில் வைத்துவிட்டு, மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

நாலு மணிக்கு அந்த வீட்டு வாசலில் வண்டி நின்றதும் வேலுமணியின் மனைவி நாகம்மாள் சிரித்த முகமாய் ஓடிவந்தாள். கையில் அவர்களுடைய டிரே. பளிச்சென்று கழுவி, நிறையப் பலாச்சுளை வைத்திருந்தாள். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

"இன்னா அண்ணே பலகாரம் அது? நானும் அவருமா உக்காந்து ஒரு வாய் விடல. சோறே ஆக்கல இன்னிக்கு" என்றாள்.

பிரிட்ஜைத் திறந்தபோது டிரேமேல் தனகோட்டியின் எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தால் அவளும் வேறென்ன நினைப்பாள்? செங்கமலம் டிரேயை வாங்கிப் பலாச்சுளையை வெறித்தாள். கேன்டீன் போயிற்று, மறுபடியும் பெல்ட்டுக்கு அடியில் குனியவேண்டியதுதான். விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று அவள் வாயெடுப்பதற்குள் தனகோட்டி கேட்டார், "மேல் அடுக்கு நல்லாருந்துச்சா, கீழ் அடுக்கா?"

நாகம்மாள் யோசித்து, கீழ் அடுக்கு என்றாள். அவருக்குக் காதுவரை சிரிப்பு. வண்டியைக் கிளப்பும்போதும், "கீழ் அடுக்காம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"யோவ், ஒரு டிரே பூட்ச்சியா. இன்னா பண்ணப்போற?" என்று அவர் முதுகில் குத்தினாள் செங்கமலம்.

டிரேக்கு ஒன்பது துண்டு என்பது காலையில் போட்ட கணக்கு. எல்லோருக்கும் போக ஐந்து மிச்சம் இருக்கும். இப்போது நாலு டிரே. பத்துப் பத்தாக அறுத்தால் சரியாக நாற்பது. மன்றத்துக்குப் பின்னால் குழாயடியில் வைத்து, தையல் நூலைப் பல்லில் ஒரு முனையும் கையில் ஒரு முனையுமாகப் பிடித்து அறுத்தார். முழு அடுக்கை அவள் அதுவரை வாயில் வைத்ததில்லை. செட் ஆகாமல் தொடக் கூடாது என்பது அவர் சட்டம். "உன்னுது அப்புறம் தரேன் செங்கா, கடன்" என்றார், நூலைப் பல்லிலிருந்து எடுக்காமலே.

கூடத்தில் முதல் தட்டு போனதுமே சத்தம் அடங்கிவிட்டது. கேரம் ஆடியவர்கள் ஸ்டிரைக்கரைக் கீழே வைத்தார்கள். கொளஞ்சிநாதன் தன் துண்டை முடித்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், தட்டை மட்டும் இரண்டுதரம் சுரண்டினார். முப்பத்தொன்பதாவது துண்டு வரை எல்லாம் நல்லபடி போயிற்று. நாற்பதாவது, டிரே மூலையிலிருந்து எடுக்கும்போது கரண்டியைவிட்டு நழுவித் தரையில் குப்புற விழுந்தது. செங்கமலம் பார்க்கத் தனகோட்டி கையிலிருந்து விழுந்த முதல் ரஸ்க்.

வரிசையின் கடைசியில் நின்றவர், அப்போதுதான் தூங்கி எழுந்து முகம் கழுவி வந்திருந்த வேலுமணி.

கொளஞ்சிநாதன் பேனாவைத் திறந்தார். "ஒருத்தருக்கு இல்ல" என்றார்.

வேலுமணி தரையைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரின் தட்டையும் பார்த்தார். குனிந்து முகர்ந்தும் பார்த்தார். அவர் முகம் மெல்லச் சிவந்தது.

"எனக்கு வேணாங்க. நான் மதியானமே சாப்டேன்" என்றார்.

"எத்தினி துண்டு?" என்றார் செயலாளர்.

வேலுமணி கழுத்தைச் சொறிந்துகொண்டார். "துண்டெல்லாம் போடலீங்க. டிரேயோடதான்."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. யாரோ மேஜையைத் தட்டினார்கள். கேரம் காய்கள் உருண்டு ஓடின. கொளஞ்சிநாதன் அவற்றைப் பொறுக்கக்கூடப் போகாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்பது பேருக்கும் கிடைத்தது, ஒருவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தனகோட்டி ஓரமாய்ப் போய் வேலுமணியிடம் கேட்டுக்கொண்டிருந்தார், மேல் அடுக்கா, கீழ் அடுக்கா என்று.

இப்போது கேன்டீன் பலகையில், வீட்டில் சுட்டு வரும் வடை, போண்டாவுக்குக் கீழே 'எலுமிச்சை அடுக்கு, சனி மட்டும்' என்று சாக்பீஸில் எழுதியிருக்கிறது. தனகோட்டி இடுப்பு உயர மேஜைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் துண்டை எடுத்து, செங்கமலத்துக்குத் தரவேண்டிய கடனென்று ஒரு கிண்ணத்தால் மூடிவைக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆறரை மணிக்கு, டிரே காலியான பிறகு, யாராவது ஒருவர் மூச்சிரைக்க வந்து நிற்கிறார். போன வாரம் வந்தது, ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து நேராக ஓடிவந்த ஓர் அப்பரண்டிஸ் பெண். தனகோட்டி பலகையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் செங்கமலத்தைப் பார்த்தார்.

அவள் கிண்ணத்தைத் தூக்கிவிட்டு, தட்டை அந்தப் பெண் பக்கம் நகர்த்தினாள். கட்டைவிரலில் கொஞ்சம் பாலாடை ஒட்டியிருந்தது. "இது கடன்ல கழியாது" என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.