இருவாச்சி வீட்டு வாசலில் ஒரு கயிறு

என்ன வேலை பார்க்கிறோம் என்று சொந்த வீட்டாருக்கே புரியவைக்க முடியாத தொழில்கள் சில உண்டு. அதில் காட்டு ஆராய்ச்சிக்குத்தான் முதலிடம். "பொண்ணு என்ன பண்ணுது?" என்று யாராவது கேட்டால், என் அம்மா "மரத்தடியில உக்காருது" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். உங்களிலும் இப்படித் திண்டாடியவர்கள் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு மாடி வீடுதான் எங்கள் அலுவலகம். வேலையோ குடகு மழைக்காட்டில். அங்கே ஒரு பெரிய மரத்தின் பொந்தில் இருவாச்சிப் பறவை ஒன்று கூடு வைத்திருந்தது. பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சின்னப் பிளவு மட்டும் இருக்கும். அதன் வழியாக ஆண் பறவை பழம் ஊட்ட வேண்டும். ஆண் பயந்து வராமல் போனால் தாயும் குஞ்சும் உள்ளேயே பட்டினி. அந்த மரத்தடியிலேயே சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு மேடை கட்ட ஏற்பாடாகி, சிமெண்ட் மூட்டைகளும் வந்து இறங்கிவிட்டன. ஜனங்கள் எவ்வளவு தூரத்தில் நின்றால் பறவை பயப்படாது என்று கண்டுபிடிப்பதுதான் எங்களுக்கு இட்ட பணி.

தேவராஜ மார்க்கெட்டில் ஜாதிக்காய்

உள்ளே இருக்கும் தாய் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை வெளியே துப்பும். அதைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்தால், ஆண் எந்தெந்த மரத்துக்குப் போய் வருகிறது என்று தெரிந்துவிடும். அந்தக் கொட்டைகளில் காட்டு ஜாதிக்காயும் இருந்தது. கடை ஜாதிக்காயோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஒரு பொட்டலத்தோடு தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனேன்.

மருந்துச் சரக்குக் கடைச் செட்டியார் பொட்டலத்தைப் பிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒன்றை எடுத்துக் கடித்தே விட்டார். "ஐயோ, அது பறவை துப்பினது!" என்று பதறினேன். அவர் பதறவில்லை. நிதானமாக மென்று முடித்து, சப்புக்கொட்டிவிட்டுக் கேட்டார்: "துப்புனா என்னம்மா, கழுவிட்டீங்கல்ல? மாசம் எத்தனை மூட்டை வரும்?"

கத்தத் தெரியாத டூரிஸ்ட்டுகள்

தூரத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தோம். நானும் உடன் வேலை பார்த்த சந்துருவும் டூரிஸ்ட் வேஷம் போட வேண்டும். கண்ணைப் பறிக்கும் சட்டை, கையில் கடலைப் பொட்டலம், வாயில் ஓயாத சத்தம். பறவை தயங்கினால் உடனே பின்வாங்கிவிட வேண்டும். சந்துரு தன் தங்கை கல்யாணத்துக்குத் தைத்த சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். எல்லாம் சரிதான், சத்தம்தான் வரவில்லை. காட்டில் வாயைத் திறக்காதே என்று எங்களை அப்படிப் பழக்கியிருந்தார்கள். "ஏய், போட்டோ எடு!" என்று கத்த முயன்றேன், காற்றுதான் வந்தது. சந்துரு கடலையை உடைக்கும்போதுகூடச் சத்தம் கேட்காமல் கைக்குட்டைக்குள் வைத்து உடைத்தான்.

தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார் எங்கள் ஜீப் டிரைவர் மாதேஷ். தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரர், கொங்குத் தமிழ் பேசுகிறவர். அவருக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங் மேடம், டூரிஸ்ட்டாட்டம் கத்தச் சொன்னா, எழவு வூட்டுல பேசறாப்பல பேசறீங்ளே!"

என் குடும்பத்தை நம்பிக் கெட்டேன்

சத்தத்துக்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் மைசூர் வீட்டை விட்டு வேறெங்கே போவது? அப்பா, அம்மா, சித்தி மூவரும் பேச ஆரம்பித்தால் தெருக்கோடி ஆட்டோ ஸ்டாண்டுக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு மாதேஷ் ஜீப்பில் கிளம்பினோம். ஹுன்சூர் தாண்டும்வரை சித்தி தன் நாத்தனாரைத் திட்டினாள். அதற்கு மேல் அப்பா அரசியல் பேசினார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இவர்களை வைத்து ஆராய்ச்சியையே முடித்துவிடலாம்.

மரத்தை விட்டுத் தள்ளி நிறுத்தி, "இப்ப நல்லா பேசுங்க" என்றேன். அந்த நேரம் பார்த்து, மரங்களுக்கு மேலே ரயில் மூச்சுவிடுவது போல இறக்கைச் சத்தம் கேட்டது. மஞ்சள் மூக்கும் தலைமேல் கொண்டையுமாக ஆண் இருவாச்சி வந்து பிளவருகே உட்கார்ந்தது. தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே ஊட்டியது. மூன்று வாயும் மூடிக்கொண்டன. அது போய்த் திரும்பி வரும்வரைகூட ஒருவரும் பேசவில்லை. பேசச் சொல்லி நான் கெஞ்சினேன். சித்தி என் கையைத் தட்டிவிட்டு, "ஷ்!" என்றாள். ஆராய்ச்சி படுத்துவிட்டது, ஆனால் எனக்கு அழுகை வரும் அளவுக்குச் சந்தோஷம். கடைசியில் அம்மாதான் வாய் திறந்தாள், அதுவும் அப்பாவிடம்: "பாத்தீங்களா? அவன் ஒரு நாளாச்சும் 'இன்னிக்கு என்ன சாம்பார்'னு கேக்கறானா?"

அதிகாரி வந்தார்

மேடை விஷயத்தை முடிவு செய்ய வனத்துறை அதிகாரி வந்தார். கூடவே ஒரு கூட்டம், அலறும் வாக்கி டாக்கி, சிமெண்ட் மூட்டை மேல் பிளாஸ்க். "இங்கேதான் நல்லா தெரியுது. பறவைதானே, பழகிக்கும்" என்றார் கன்னடத்தில். நான் எழுதிக் கொண்டுபோன அறிக்கையை அவர் வாங்கவே இல்லை. அப்போது ஆண் பறவை வந்தது. எதிர்மரத்தில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. தொண்டை நிறையப் பழம், ஆனால் கூட்டுக்கு வரவில்லை. திரும்பிப் போனது. மறுபடி வந்தது, மறுபடியும் போனது. பொந்துக்குள்ளிருந்து குஞ்சு கத்துவது எல்லோருக்கும் கேட்டது.

"ஸார், கொஞ்சம் பின்னால போலாமா?" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார், கூட்டமும் போனது. பறவை வரவில்லை. இன்னும் பின்னால். அப்போதும் வரவில்லை. மூன்றாவது முறை நான் கேட்கவே இல்லை. அவராகவே வாக்கி டாக்கியை அணைக்கச் சொல்லிவிட்டு நடந்தார். பாதை வளைவில் நின்ற வெண்தேக்கு மரம்வரை போன பிறகுதான் ஆண் இறங்கி வந்து ஊட்டியது. குஞ்சின் சத்தம் அடங்கியது. அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு தன் ஆட்களிடம் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "அவன் வீட்டு வாசல்ல போய் நின்னுக்கிட்டு, அவனையே பழகிக்கச் சொன்னேனே! இந்த மரத்துல கயிறு கட்டுங்க, மூட்டையெல்லாம் வண்டியில ஏத்துங்க."

குஞ்சு பறந்த காலை

மழைக்கு முன்னால் தாய் வெளியே வந்தது. குஞ்சு இன்னும் உள்ளேதான், வாசலைத் தானே மறுபடி அடைத்துக்கொண்டது. ஆணும் பெண்ணுமாக முறைபோட்டு ஊட்டின. ஒரு நாள் காலை, மைசூரிலிருந்து வந்த ஒரு பஸ் கூட்டம் கயிற்றுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. வாசல் அடைப்பு உடைந்தது. ஒரு பெரிய மூக்கு வெளியே வந்து, உள்ளே போய், மறுபடி வந்தது. பிறகு மொத்தக் குஞ்சும் வெளியே விழுந்து, விழுகிற பாதியில் பறப்பது ஞாபகம் வந்தது போல இறக்கையடித்து, பக்கத்துக் கிளையைப் பிடித்துக்கொண்டது. பெற்றோர் இரண்டும் பறந்து வந்தன.

டூரிஸ்ட்டுகள் மூச்சுக் காட்டவில்லை. ஆனால் ஒரே ஒரு ஆள் மட்டும் காடே அதிரும்படி "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கூவிக் குதித்தது. அத்தனை பேரும் திரும்பி என்னை முறைத்தார்கள். மாதேஷ் சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டார்: "ஏனுங் மேடம், இத்தன சத்தத்த வெச்சுக்கிட்டு அன்னைக்கு எங்கீங் ஒளிச்சு வெச்சீங்?"

ஆக, பறவை எதையும் பழகிக்கொள்ள வேண்டியதில்லை, மனிதர்கள் ஒரு கயிற்றுக்குப் பின்னால் நின்றால் போதும் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை நாள் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தக் கயிற்றுக்குப் பின்னால் சத்தம் போடாமல் நிற்கத் தெரியாத ஒரே டூரிஸ்ட் நான்தான் என்பது மட்டும் அறிக்கையில் இல்லை.