ஓரம் தேய்ந்த டயர்

பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் வாயைத் திறந்தால் வருவதில் பாதியைக் கழித்துவிட வேண்டும். மீதிப் பாதியை டயரிடம் கேட்டுக்கொள்ளலாம். நான் டயர் கடையில் வேலை செய்கிறேன். அவர்கள் அளப்பதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே குனிந்து டயரைப் பார்ப்பேன். நேர்சாலையில் போய்வருகிறவனுக்கு டயரின் நடுப்பகுதி சப்பையாகத் தேய்ந்திருக்கும், இரண்டு ஓரமும் வாங்கிய அன்று இருந்தபடியே பளபளக்கும். மலைப்பாதை வளைவுகளில் வண்டியைப் படுக்கப் போடுகிறவனுக்கு ஓரத்தின் கடைசி நூல் வரைக்கும் தேய்ந்து, ரப்பர் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டிருக்கும். டயருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான், வைத்திருந்தது ஸ்போர்ட்ஸ் டூரிங் வகை வண்டி. காற்றைத் தடுக்க முன்னால் கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் துணிமணி வைக்கப் பெட்டி, மனைவி உட்கார மெத்தென்ற சீட்டு. ஊர் ஊராகப் போய்வருவதற்காகச் செய்த வண்டி, ஆனால் இன்ஜின் மட்டும் ரேஸ் வண்டியினுடையது. வினை அங்கேதான். இந்த ஆண்கள் பெட்டியையும் சீட்டையும் காட்டி வீட்டில் சம்மதம் வாங்குவார்கள். வாங்கிய பிறகு இன்ஜினோடு குடும்பம் நடத்துவார்கள்.

அத்தானைப் பார்த்தால் அப்படித் தெரியாது. லிஃப்ட் பரிசோதகர். மாடிக் கட்டடங்களுக்குப் போய், லிஃப்டின் கம்பிக்கயிறு, பிரேக், கதவுப் பூட்டு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. கயிற்றில் ஒரே ஒரு இழை பிரிந்திருந்தாலும் லிஃப்டை நிறுத்திவிடுவார். கட்டடக்காரர்கள் கெஞ்சுவார்கள், கத்துவார்கள், மேலிடத்தில் ஆள் இருப்பதாகச் சொல்வார்கள். இவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பூட்டுப் போட்டுவிட்டு வந்துவிடுவார். வீட்டிலும் அதே கதைதான். கேஸ் அடுப்பை மூடிவிட்டோமா என்று பாதிப் படியிலிருந்து திரும்பி ஏறுகிற மனிதர். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹெல்மெட்டை மாட்டினால் ஆளே வேறு. பல் டாக்டர், பேங்க் மேனேஜர், அச்சகக்காரர், அத்தான் என்று நான்கு பேர். மலைப்பாதை ஏறி உச்சியிலிருக்கும் டீக்கடை வரை போவார்கள். யாரும் வேகத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள், அது சின்னப் பையன்கள் பேச்சாம். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வண்டியை ஒருவர் சுற்றி வருவார்கள், அவ்வளவுதான். எவனுடைய டயரில் ஓரம் தேயாமல் இருக்கிறதோ அவனுக்கு அன்றைக்குப் புதுப்பெண் என்று பெயர். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இருக்கிறவர்கள்!

டயரைவிடப் பெரிய கௌரவம் ஒன்று இருந்தது. இந்த வண்டிகளில் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்டின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு போல்ட் இருக்கும். வண்டி அளவுக்கு மீறிச் சாய்ந்தால் முதலில் அதுதான் ரோட்டில் உரசும். உரசுகிற சத்தமும் காலுக்கடியில் அதிர்வும் வந்தால், போதும் நிமிர்ந்துகொள் என்று அர்த்தம். எச்சரிக்கைக்காக வைத்தது. நம் ஆட்கள் அதை உரசி உரசிப் பொட்டு மாதிரி ஆக்கி, கழற்றி, ஓட்டை போட்டுச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்வார்கள். புதுசு போட மாட்டார்கள். போட்டால் மறுபடி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த மாதிரி என்று அச்சகக்காரர் என்னிடம் விளக்கினார். அத்தானின் சாவிக்கொத்தில் இரண்டு பக்கத்துப் போல்ட்டும் தொங்கின.

ஒருமுறை கேட்டேவிட்டேன். ஒரு இழை பிரிந்தால் லிஃப்டைப் பூட்டுகிறவர் இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று. அவர் கோபப்படவில்லை. "லிஃப்ட்ல போறவனுக்கு ஒண்ணும் தெரியாது மாப்ள. அவனுக்குப் பதிலா நான் பயப்படணும். இதுல நான் மட்டும்தானே" என்றார். நான் மட்டும் என்று அவர் சொன்னபோது அக்கா பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா ஆயத்த ஆடை கம்பெனியில் துணி வெட்டுகிறவள். நாள் முழுக்க மேசை முன்னால் நின்றே செய்கிற வேலை. வண்டி வாங்கிய நாளில் அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். என்னை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டுவீர்களோ, தனியாகப் போனாலும் அப்படியே ஓட்ட வேண்டும். அவரும் சரி என்றார். அவளை ஏற்றிக்கொண்டு போனால் பூப்போல ஓட்டுவார், அதில் குறை சொல்ல முடியாது. தனியாகப் போனது எப்படி என்று டயர் எனக்குச் சொன்னது, நான் அக்காவிடம் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முன்னால் ஹெல்மெட்டோடு வாசலில் நின்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட விடவில்லை. ஆறு நாள் நின்ற கால், ஏழாம் நாள் காலை தூங்க ஆசைப்படாதா? பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். அவள் எடை பின்னால் இருந்தால் அவர் கை தானாக அடங்கும். அவளே பிரேக். மற்ற மூவரும் டீ குடித்து முடிக்கும்போது இவர்கள் மேலே போய்ச் சேர்வார்கள். பல் டாக்டர் எழுந்து நின்று, பஸ் வந்துவிட்டது என்பார். அத்தானும் சிரிப்பார். நான் புதுசாக மாற்றிக் கொடுத்த டயரின் ஓரம் தேயாமலே இருந்தது, நான் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன்.

அத்தான் மட்டும் வாடினார். சாப்பாட்டில் மனசில்லை, பேச்சுக் குறைந்தது. கேட்டால் ஒன்றுமில்லை. கோபப்பட்டிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். வாய் பேசாமல் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தன்னை மெதுவாக மலையேற்றிக் கொண்டுபோகிற முதுகை வாராவாரம் எத்தனை நாள்தான் பார்ப்பாள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, "இன்னிக்கு ஒரு தடவ உங்க இஷ்டத்துக்கு ஓட்டுங்க. நான் கெட்டியா பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். அக்காவே பிறகு என்னிடம் சொன்னது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவள் மேல் கோபம் வருகிறது, பிறகு அழுகை வருகிறது.

அத்தான் இறங்கினார். இரண்டு பேர் எடைக்கு ஏற்றபடி பின்பக்க ஷாக் அப்சார்பரை முறுக்கினார். டயரில் காற்றுப் பார்த்தார். பெட்டிகள் பூட்டியிருக்கின்றனவா என்று ஆட்டிப் பார்த்தார். அவள் ஹெல்மெட்டின் வாரைத் தானே இழுத்துச் சரிசெய்தார். லிஃப்ட் பரிசோதகர் எதையும் விடவில்லை. ஷாக்கை எவ்வளவு முறுக்கினாலும் இரண்டு பேரும் நிறைந்த பெட்டிகளும் ஏறினால் வண்டி கொஞ்சம் தாழ்ந்துதான் நிற்கும், ரோடு அந்த அளவுக்குக் கிட்டே வரும். உரசி எச்சரிக்க வேண்டிய போல்ட் சாவிக்கொத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

சில வளைவுகள் நன்றாகவே போயின. அக்கா அதையும் மறைக்கவில்லை. அவர் முதுகு நிமிர்ந்ததாம், ஹெல்மெட்டுக்குள் ஏதோ பாடினாராம், அவளுக்கும் சிரிப்பு வந்ததாம். பிறகு ஒரு இடது வளைவில், தனியாகப் போகும்போது எவ்வளவு சாய்ப்பாரோ அவ்வளவு சாய்த்தார். போல்ட் இல்லாததால் அடுத்தபடியாக ஸ்டாண்டு மாட்டியிருக்கும் இரும்புச் சட்டம் ரோட்டில் இடித்தது. அந்த இரும்பு மடங்காது. வண்டியைத் தூக்கிவிட்டது, பின்சக்கரம் தரையை விட்டது. அத்தான் வழுக்கிக்கொண்டே போய் முழங்கை சிராய்ப்போடு எழுந்தார். அக்காவை ரோட்டோரத் தடுப்பின் கம்பம் நிறுத்தியது. முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் இல்லை என்று சொல்ல டாக்டர்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார்கள். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பார்க்கிற மனிதரின் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு ஏற்றியதோடு சரி, அக்கா அப்புறம் கீழே வரவில்லை. கட்டிலை முன்னறைக்கு மாற்றினோம். அத்தான் அவளைக் கவனித்துக்கொண்ட மாதிரி ஒரு நர்ஸ்கூடக் கவனிக்க மாட்டாள். நேரம் தவறாமல் புரட்டிப் படுக்க வைப்பார், முதுகில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பார், தலைகுளிப்பாட்டிச் சிக்கெடுத்துப் பின்னிவிடுவார். மட்டமான பின்னல். அக்கா அதைக் கலைக்காமல் வைத்திருப்பாள்.

ஒரு நாள் அவர் மருந்து வாங்கப் போயிருந்தார். நான் பொறுக்காமல் அவரைத் திட்ட ஆரம்பித்தேன். அக்கா என்னை அடக்கினாள். "விடுடா. எனக்குக் கால் போச்சு, அவராவது மிஞ்சினாரே. இனிமே அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டாரு" என்றாள். அவள் கைக்கு மிஞ்சியது அந்த ஒன்றுதான். தன் இரண்டு காலையும் கொடுத்து அவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டதாகக் கணக்குப் போட்டிருந்தாள், அந்தக் கணக்கில் ஒரு நிம்மதிகூட அவளுக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படிப்பதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சில மாதம் கழித்து மூன்று நண்பர்களும் பழப்பையோடு வந்தார்கள். நானும் இருந்தேன். பெரிய உடம்புகளை நாற்காலியில் ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெயில், உடம்பு, பிசியோதெரபி எல்லாம் பேசித் தீர்ந்துபோனது. அப்போது பல் டாக்டர், கேட்கக் கூடாதுதான், ஆனாலும் அந்த வளைவில் எந்த கியரில் இருந்தீர்கள் என்றார்.

அத்தான் தலையைத் தூக்கினார். மூன்றாவது என்றார். பிறகு எழுந்தார். டீப்பாயைக் கொஞ்சம் தள்ளி, உள்ளங்கையை வண்டியாக்கித் தரையில் வளைவைக் காட்டினார். எங்கே பிரேக்கை விட்டார், எங்கே சாய்த்தார், எங்கே இடித்தது. குரல் கணீரென்று வந்தது. அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்து வெகுநாளாயிற்று. "இடுப்ப இன்னும் கொஞ்சம் உள்ள இறக்கியிருந்தா வண்டி அவ்வளவு சாயவே வேண்டாம். தாண்டியிருக்கலாம்" என்றார்.

பின்னால் இருக்கிறவரும் சேர்ந்து சாய்ந்தால்தான் அது நடக்கும் என்றார் அச்சகக்காரர். அத்தான் ஆமாம் என்று தலையாட்டினார். "அதான். இவ நிமிர்ந்து உக்காந்துட்டா."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பிரிந்த இழை எங்கே என்று சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார். என்ன சொன்னோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. மூவரும் கட்டிலைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க, பயந்துட்டேன்" என்றாள் அக்கா.

அவர்களை வழியனுப்பக் கீழே போனேன். மூன்று வண்டிகளும் வரிசையாக நின்றன. விபத்து நடந்த வாரமே மூவரையும் கடைக்கு வரவழைத்துப் புதுப் போல்ட் போட்டுவிட்டிருந்தேன், என் கையாலேயே. குனிந்து பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பல் டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போல்ட் சீக்கிரமே உரசிவிடுகிறது, வளைவின் அழகே கெட்டுப்போகிறது என்றார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

மேலே வந்தபோது அத்தான் சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏதோ பாட்டை முணுமுணுக்கிற சத்தம் கேட்டது. அக்கா கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும், "இவர் மறுபடி போவாருடா" என்றாள்.

அவர் வண்டியைச் சரிசெய்யக் கொடுத்தார். டயருக்கு என் கடைக்குத்தான் வந்தார். தர மாட்டேன் என்றேன். சண்டை போடாமல் பக்கத்துத் தெருவில் வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலைக்கு ஒரு ஆயாவை ஏற்பாடு செய்திருக்கிறார். அவள் வந்ததும், அக்காவைப் புரட்ட வேண்டிய நேரங்களைச் சொல்லிக் கொடுத்து, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டு, தண்ணீர் ஆறியிருக்கிறதா என்று விரலைவிட்டுப் பார்த்து, கேஸ் அடுப்பையும் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை அக்கா பேச மாட்டாள். அப்புறம் ஆயாவைக் கூப்பிட்டு, போனை எடுத்துத் தன் கையில் வைக்கச் சொல்வாள். மேசைமேல் இருந்தால் அவளுக்கு எட்டாது.